கேட்விக், 2018 டிசம்பர்: கண்ணில் பட்டதும் கருவியில் படாததும்

2018 டிசம்பர் 19, புதன்கிழமை, இரவு 9 மணி 3 நிமிடம். லண்டனுக்குத் தெற்கே, கிராலி நகரை ஒட்டியிருக்கும் கேட்விக் விமான நிலையத்தில் பணி முடித்து வீடு திரும்பப் பேருந்துக்காகக் காத்து நின்ற பாதுகாப்பு ஊழியர் ஒருவர், வளாகத்துக்குள் ஒரு வாகனத்தின் மேலே ட்ரோன் ஒன்று மிதப்பதையும் சுற்றுவேலியை ஒட்டி இன்னொன்று பறப்பதையும் கண்டதாகத் தகவல் கொடுத்தார். சில நிமிடங்களில் அந்தத் தகவல் நிலையத்தின் உயர் அதிகாரிகளுக்கும் காவல்துறைக்கும் போய்ச் சேர, ஓடுபாதை மூடப்பட்டது. அது மீண்டும் நிலையாகத் திறக்க ஏறத்தாழ 33 மணி நேரம் ஆயிற்று.

இடையில் ஏறக்குறைய 1,000 விமானங்கள் ரத்தாயின அல்லது வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. கிறிஸ்துமஸுக்கு ஊர் போகக் கிளம்பிய சுமார் 1,40,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். கேட்விக்கில் இறங்க வேண்டியவர்கள் மான்செஸ்டரிலும் கார்டிஃபிலும், சிலர் கடல் கடந்து பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இறங்கினார்கள். விமான நிலையங்களை ட்ரோன்களிடமிருந்து காப்பது பற்றி இன்று நடக்கும் எந்தப் பேச்சும் இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்குகிறது. ஆனாலும் யார் பறக்கவிட்டார்கள் என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. அங்கே ட்ரோன் பறந்ததா என்ற கேள்வியே முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. மூடுவதற்குச் சில நிமிடங்களே போதுமாக இருந்த ஓடுபாதையைத் திறப்பதற்கு ஏன் ஒன்றரை நாள் ஆயிற்று? ட்ரோனை வீழ்த்த ஆயுதம் இல்லாததே காரணம் என்றுதான் அந்த நாட்களில் பெரும்பாலோர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இப்போது வானில் ட்ரோன் எதுவும் இல்லை' என்று நம்பிக்கையோடு சொல்லக்கூடிய கருவி ஒன்றுகூட அந்த நிலையத்திடம் இருக்கவில்லை என்பதே அடிப்படைக் காரணம் என்று கருதுகிறேன். மற்ற குறைகள் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

ஒரு பார்வைக்காக ஓடுபாதையை மூடலாமா?

மூடியது சரியான முடிவு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு பொருளுக்காக இத்தனை பேரை நிறுத்தி வைப்பதா என்று கேட்பவர்கள், தரையிறங்கும் பயணிகள் விமானம் வினாடிக்கு 70 மீட்டர் அளவு வேகத்தில் வருகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பறவை மோதினால் தாங்குமா என்று விமானங்களையும் எஞ்சின்களையும் சோதித்துத்தான் சான்று தருகிறார்கள். ஆனால் பறவையின் உடல் மோதியதும் நசுங்கிச் சிதறிவிடும். ட்ரோனின் மோட்டார், கேமரா, பேட்டரி ஆகியவை அப்படிச் சிதறுவதில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்காகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்து 2017இல் வெளியான ஆய்வு, ஒரே எடையுள்ள பறவையைக் காட்டிலும் ட்ரோன் கூடுதலான சேதத்தை உண்டாக்கும் என்று காட்டியது.

உண்மையான மோதல்களும் நடந்திருக்கின்றன. 2017 அக்டோபர் 12 அன்று கனடாவின் கியூபெக் நகர விமான நிலையத்தில் இறங்க வந்த, எட்டுப் பேர் இருந்த சிறு விமானத்தின் இறக்கையில் ட்ரோன் மோதியது; விமானம் பத்திரமாக இறங்கியது. அதற்கு மூன்று வாரம் முன்பு, நியூயார்க் அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்ட ஒரு ட்ரோன் மோதியிருந்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயை அணைக்க நீர் சுமந்து பறந்த விமானத்தின் இறக்கையில் ட்ரோன் ஒரு துளையையே போட்டது. ஆபத்து கற்பனை அல்ல. கண்ணால் பார்த்ததாக ஒருவர் சொன்ன அளவிலேயே ஓடுபாதையை மூடுவது எந்தப் பொறுப்புள்ள நிர்வாகமும் செய்யக்கூடியதுதான். சிக்கல் அதற்கு அடுத்த மணி நேரத்திலிருந்து தொடங்கியது.

33 மணி நேரம்

கேட்விக்கில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் அவை மிக நெருக்கமாக அமைந்தவை. அந்தக் காலத்தில் வடக்குப் பாதை, முதன்மைப் பாதை மூடியிருக்கும்போது மாற்றாக மட்டுமே பயன்பட்டது. ஆண்டுக்கு நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் ஒரே ஒரு ஓடுபாதை வழியாகத்தான் வந்து போனார்கள். ஆகவே அந்த ஒன்றை நிறுத்தினால் நிலையமே நின்றுபோகும்.

19ஆம் தேதி இரவு மூடிய பாதையை 20ஆம் தேதி அதிகாலை 3 மணிக்குத் திறந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் மறுபடியும் ட்ரோன் தென்பட்டதாகத் தகவல் வந்ததும் மீண்டும் மூடினார்கள். வியாழக்கிழமை முழுவதும் இதே கதைதான் தொடர்ந்தது. அந்த ஒரு நாளில் மட்டும் 760 விமானங்களில் 1,10,000 பேர் வந்துபோக வேண்டியிருந்தது. நேரம் கழிந்து இனித் திறக்கலாம் என்ற எண்ணம் உருவாகும்போதெல்லாம் யாரோ ஒருவர் வானில் எதையோ பார்த்தார். காத்திருப்பு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. இரண்டு காவல்துறைகளைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் சுற்றுவட்டாரத்தில் தேடின. மாலையில் ராணுவத்தின் உதவி கோரப்பட்டு, அதன் கருவிகள் நிலையத்துக்கு வந்தன. வெள்ளிக்கிழமை காலை 6 மணியளவில் ஓடுபாதை திறந்தது. அன்று மாலை 5 மணிக்குப் பிறகு இன்னொரு தகவல் வந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் மீண்டும் மூடப்பட்டு, ராணுவக் கருவிகள் இருக்கும் தைரியத்தில் திறக்கப்பட்டது.

இந்தக் கடைசி மூடலை நிதானமாகக் கவனிக்க வேண்டும். முதல் நாள் இதே வகைத் தகவல் ஒன்று வந்தபோது பல மணி நேரம் பாதை மூடியிருந்தது. மூன்றாம் நாள் அது ஏறக்குறைய ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. எந்த ட்ரோனையும் யாரும் சுட்டு வீழ்த்தியதால் அல்ல, நம்பிப் பார்க்கக்கூடிய ஒரு கருவி வந்து நின்றதால்தான் இது சாத்தியமானது. முழு நிகழ்வின் விடையும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன்.

கண் எவ்வளவு தூரம் காணும்?

கடையில் விற்கும் ஒரு சாதாரண ட்ரோனின் குறுக்களவு சுமார் 35 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது, கையை முழுதாக நீட்டிப் பிடித்த தையல் நூலின் பருமன் அளவுக்குத்தான் தெரியும். நல்ல பகல் வெளிச்சத்தில், கூரிய பார்வை உள்ளவருக்கே அது கண்ணின் எல்லை. கேட்விக்கின் ஓடுபாதையோ மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அந்த வாரம் தெற்கு இங்கிலாந்தில் மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், காலை 8 மணிக்குத்தான் உதிக்கும். எனவே பார்த்ததாகச் சொன்னவர்களில் பலரும் பார்த்தது ஒரு பறக்கும் பொருளின் வடிவத்தை அல்ல, இருட்டில் தெரிந்த விளக்கொளியை.

இருட்டில் தெரியும் ஒளிப்புள்ளி தன் தூரத்தைச் சொல்லாது. அருகில் இருக்கும் மங்கலான விளக்கும் தொலைவில் இருக்கும் பிரகாசமான விளக்கும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தூரம் தெரியாதபோது அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. நம்மை நோக்கி நேராக வரும் விமானத்தின் முன்விளக்கு, பல நிமிடங்கள் ஒரே இடத்தில் அசையாமல் தொங்குவது போலத்தான் தோன்றும். கட்டுமானக் கிரேனின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு, மேகம் நகரும்போது தானே நகர்வதாகத் தெரியும். விமான நிலையத்தைச் சுற்றிலும் இப்படிப்பட்ட விளக்குகளுக்குக் குறைவே இல்லை.

இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது. தேடுதலுக்காகக் காவல்துறையும் தன்னுடைய ட்ரோனைப் பறக்கவிட்டது. பின்னால் டிசம்பர் இறுதியில், கேட்விக் அடங்கிய சசெக்ஸ் பகுதியின் அப்போதைய காவல்துறைத் தலைவர் கைல்ஸ் யார்க் வானொலிப் பேட்டியில் பேசும்போது, மக்கள் கண்டதாகச் சொன்னவற்றில் சில காவல்துறையின் சொந்த ட்ரோனாகவே இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அதே மூச்சில், விமான நிலையத்தின் மேல் ட்ரோன் பறந்தது உறுதி என்றும் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆனால் எந்தத் தகவல் எதைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனதுதான் துயரம். தேடப் போன கருவியே தேடப்படும் பொருளின் தோற்றத்தில் வானில் இருந்தால், ஒவ்வொரு நிமிடமும் அது எங்கே இருந்தது என்ற பதிவு விமான நிலையத்தின் கையில் இருந்தாக வேண்டும்.

இதை எழுதும்போது அன்று பார்த்தவர்களைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. 2019 செப்டம்பரில் விசாரணையை முடித்து வைத்தபோது காவல்துறை சொன்ன கணக்கின்படி, வந்த தகவல்கள் 129. அவற்றில் 109 நம்பத்தகுந்தவர்களிடமிருந்து வந்தவை. சொன்னவர்களில் விமானி ஒருவரும், நிலைய ஊழியர்களும், காவலர்களும் இருந்தார்கள். இவர்கள் பொய் சொன்னதாக எவரும் சொல்லவில்லை. ஆனால் நம்பத்தகுந்த மனிதர் என்பது வேறு, நம்பத்தகுந்த பார்வை என்பது வேறு. ஆண்டுக்கணக்காக விமானங்களுக்கிடையே வேலை செய்தவருக்கும் இருட்டில் ஒளிப்புள்ளியின் தூரத்தை அளக்கும் கண் வாய்த்திருக்க முடியாது. 2016 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில் இறங்கிய ஒரு விமானத்தின் மேல் ட்ரோன் மோதியதாகவே விமானி கருதினார். செய்தி உலகமெங்கும் பரவியது. விமானத்தில் சேதம் ஏதும் காணப்படவில்லை. அது பிளாஸ்டிக் பையாகக்கூட இருந்திருக்கலாம் என்று சில நாளில் பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஒருவரே சொன்னார். அத்தனை பயிற்சி பெற்ற விமானிக்கே கண் இப்படி ஏமாற்றம் தருமென்றால், மற்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பார்வைகளின் கால அளவும் யோசிக்க வைக்கிறது. மூன்று நாட்களில் குறைந்தது ஆறு தனித்தனிச் சமயங்களில், ஒவ்வொன்றும் 12 முதல் 45 நிமிடங்கள்வரை ட்ரோன் நடமாட்டம் இருந்ததாகவும், குறைந்தது இரண்டு ட்ரோன்கள் பறந்ததாகவும் காவல்துறை முடிவுக்கு வந்தது. அன்று கடைகளில் கிடைத்த ட்ரோன்கள் பெரும்பாலும் ஒரு பேட்டரியில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காதவை. 45 நிமிடம் நீடித்திருந்தால், அது தனியே வடிவமைத்த கருவியாக இருந்திருக்க வேண்டும், அல்லது மாற்றி மாற்றிப் பறக்கவிட்டிருக்க வேண்டும், அல்லது வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு பொருட்களைப் பார்த்து ஒன்றாக எண்ணியிருக்க வேண்டும். மூன்றில் எது என்று தீர்த்துச் சொல்ல ஒரு நல்ல ஒளிப்படம் போதுமாக இருந்திருக்கும். கையில் கைபேசியோடு ஆயிரக்கணக்கானோர் நின்ற இடத்தில், உறுதி செய்யப்பட்ட ஒரு படமும் பொதுவெளிக்கு வரவில்லை.

கருவிகள் ஏன் பேசவில்லை?

விமான நிலையத்தில்தான் ரேடார் இருக்கிறதே, அதில் தெரியாதா என்பது இயல்பான கேள்வி. விமானப் போக்குவரத்துக்கான ரேடார், பெரிய உலோக உடலும் பெரு வேகமும் கொண்டவற்றைக் காண்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. மெதுவாக நகரும் சிறு எதிரொலிகளை அது வேண்டுமென்றே வடிகட்டிவிடும்; இல்லாவிட்டால் பறவைகளும் சாலையில் போகும் வண்டிகளும் திரையை நிறைத்துவிடும். பெரும்பாலும் பிளாஸ்டிக்காலான, தாழப் பறக்கும், நினைத்தால் ஒரே இடத்தில் நிற்கக்கூடிய ட்ரோன் அந்த வடிகட்டலில் காணாமல் போய்விடுகிறது.

ட்ரோனுக்கென்று தனியாக இருக்கும் கண்டறியும் முறைகள் நான்கு வகைப்படும். சிறு பொருட்களுக்கான ரேடார், சுழலும் இறக்கைகள் எதிரொலியில் உண்டாக்கும் நடுக்கத்தை வைத்துப் பறவையையும் ட்ரோனையும் பிரிக்க முயல்கிறது. ரேடியோ உணரி, ட்ரோனுக்கும் அதை இயக்குபவருக்கும் இடையே ஓடும் சிக்னலைப் பிடிக்கிறது. இது இயக்குபவர் நிற்கும் இடத்தையும் காட்டக்கூடியது என்பதால் காவல்துறைக்கு மிக உதவும். பகலிலும் இருட்டிலும் பார்க்கும் கேமராக்கள், மற்ற கருவிகள் சுட்டிய திசையில் திரும்பி உறுதி செய்கின்றன. நான்காவதான ஒலி உணரிக்கு, எஞ்சின் இரைச்சல் ஓயாத ஓடுபாதையின் ஓரத்தில் அதிக வேலை இருக்காது. இவற்றில் எதுவும் தனியாக நின்று போதாது. ஒன்று சுட்ட வேண்டும், இன்னொன்று உறுதி செய்ய வேண்டும்.

அந்த டிசம்பரில் கேட்விக், ஒரு பெரிய ட்ரோன் தயாரிப்பு நிறுவனத்தின் ஏரோஸ்கோப் என்னும் கருவியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் சொந்த ட்ரோன்கள் வெளியிடும் அடையாளச் சிக்னலைப் படிப்பதற்கென்று அமைந்த கருவி அது. மூன்று நாட்களிலும் அது எதையும் காட்டவில்லை. 2019 ஏப்ரலில் பிபிசிக்குப் பேட்டி அளித்த நிலையத்தின் அப்போதைய தலைமைச் செயல்பாட்டு அதிகாரி கிறிஸ் வுட்ரூஃப், இயக்கியவர் அந்தக் கருவிக்குத் தெரியாத ட்ரோனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றும், ஓடுபாதையில் நடப்பதைப் பார்க்கவோ கேட்கவோ கூடியவராக அவர் இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். உள்ளே இருப்பவரின் கைவேலையாக இருக்கலாம் என்ற ஐயமும் அதில் அடங்கியிருந்தது.

இந்த முடிவுக்கு வர அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதே மௌனத்திலிருந்து, ட்ரோனே இருக்கவில்லை என்ற நேரெதிர் முடிவுக்கும் இன்னொருவர் வர முடியும், பலர் வந்தார்கள். ஒரே ஒரு நிறுவனத்தின் கருவிகளை மட்டும் கேட்கும் காது எதையும் கேட்கவில்லை என்பதிலிருந்து, 'இல்லை' என்பதையும் பெற முடியாது, 'ஒளிந்திருக்கிறது' என்பதையும் பெற முடியாது. கருவி எதைக் காணும் என்பதைவிட, எதைக் காணாது என்பதை அதை வாங்குபவர் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சுட்டு வீழ்த்தினால் என்ன?

துப்பாக்கியால் சுடலாமா என்பது அன்றே பரிசீலிக்கப்பட்டு, தவறிய குண்டு எங்கே போய் விழும் என்ற அச்சத்தால் கைவிடப்பட்டது. 2025 செப்டம்பர் 22 இரவு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நிலையத்தில் பெரிய ட்ரோன்கள் தென்பட்டு ஏறக்குறைய நான்கு மணி நேரம் வான்வழி மூடப்பட்டபோதும் அந்நாட்டுக் காவல்துறை இதே நிலையைத்தான் எடுத்தது. கீழே பயணிகள் இருந்தார்கள், விமானங்கள் நின்றன, எரிபொருள் கிடங்கு இருந்தது.

சிக்னலை முடக்கும் ஜாமருக்கும் இதே இக்கட்டு உண்டு. போர்க்களத்தில் அதை இயக்கினால் கவலை இல்லை. ஆனால் விமான நிலையம் முழுதும் ரேடியோ அலைகளை நம்பித்தான் இயங்குகிறது. தரையிறங்க வழிகாட்டும் கருவிகள், கோபுரத்தோடு விமானிகள் பேசும் அலைவரிசை, செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதி என எதில் அந்த முடக்கம் கசிந்தாலும், தடுக்க நினைத்த ஆபத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும். பிரிட்டனில் உரிய அதிகாரம் இல்லாமல் ரேடியோ சிக்னலை முடக்குவது சட்டப்படி குற்றமும்கூட. தொடர்பு அறுந்த ட்ரோன் என்ன செய்யும் என்பதும் முன்கூட்டியே தெரியாது. கிளம்பிய இடத்துக்கே திரும்பலாம், நின்ற இடத்தில் இறங்கலாம், ஓடுபாதையின் நடுவிலும் விழலாம். நெதர்லாந்துக் காவல்துறை கழுகுகளைப் பழக்கிப் பார்த்து, அவை சொன்னபடி எப்போதும் கேட்பதில்லை என்பதால் 2017இல் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டது.

கைது

ஆய்வறிக்கைகளில் இந்தப் பகுதி ஓரிரு வரிகளில் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது சரியல்ல. 21ஆம் தேதி இரவு கிராலியில் வசித்த கணவன் மனைவி இருவரைக் காவல்துறை கைது செய்தது. அவர்களுடைய பெயரும் படமும் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தன. அந்த நேரங்களில் கணவர் வேலையில் இருந்தார் என்பதை அவருடைய முதலாளி பொதுவெளியிலேயே சொன்னார். ஒன்றரை நாள் காவலுக்குப் பின், 23ஆம் தேதி இருவரும் குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டார்கள். தங்கள் வீட்டையும் வாழ்க்கையையும் ஊரே அலசிவிட்டதாக அவர்கள் வேதனைப்பட்டார்கள். 2020இல் வழக்குச் செலவோடு சேர்த்து 2 லட்சம் பவுண்டு தந்து, அவர்கள் தொடுத்த வழக்கைக் காவல்துறை தீர்த்துக்கொண்டது.

அவர்கள் விடுவிக்கப்பட்ட அதே நாளில், விசாரணையில் இருந்த மூத்த துப்பறியும் அதிகாரி ஒருவர், ஆரம்பத்திலிருந்தே ட்ரோன் எதுவும் பறக்காமல் இருந்திருக்கும் சாத்தியமும் உண்டு என்று பேசினார். மறுநாள் அரசுத் தரப்பு அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பேச்சு என்று விளக்கியது. குற்றம் நடந்ததா என்பதே உறுதியாகாத நிலையில் இரு மனிதர்கள் குற்றவாளிகளாக நாட்டுக்குக் காட்டப்பட்டிருந்தார்கள். தொழில்நுட்பப் பதிவு இல்லாத இடத்தை நிரப்ப அவசரம் வந்து உட்கார்ந்ததன் விலை இது. பணத்தால் அளந்து முடிக்கக்கூடிய விலையல்ல.

விசாரணையிலும் கைக்கு ஏதும் சிக்கவில்லை. நிலையத்தைச் சுற்றி, ட்ரோனைக் கிளப்பியிருக்கக்கூடிய 26 இடங்கள் சோதிக்கப்பட்டன. அருகில் கண்டெடுத்த இரண்டு ட்ரோன்களுக்கு இதில் தொடர்பில்லை என்று தெரிந்தது. 96 பேர் விசாரணை வளையத்துக்குள் வந்து வெளியேறினார்கள். தகவல் தருவோருக்கு நிலையம் அறிவித்த 50,000 பவுண்டு பரிசும் பயன் தரவில்லை. சுமார் 8 லட்சம் பவுண்டு செலவில் நடந்த விசாரணை, எவர் மீதும் வழக்குத் தொடராமல் முடிந்தது. ஈஸிஜெட் நிறுவனம் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்து, ஒன்றரைக் கோடி பவுண்டு இழப்பைக் கணக்கில் காட்டியது.

பின்னர் மாறியவை

நிகழ்வு நடந்தபோது பிரிட்டனில் இருந்த விதி, விமான நிலைய எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ட்ரோன் பறக்கக் கூடாது என்பது. அதுவும் அந்த ஆண்டு ஜூலையில் வந்தது. 2019 மார்ச் 13 முதல் தடைப் பரப்பு சுமார் ஐந்து கிலோமீட்டராக விரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ட்ரோன் உரிமையாளர்களுக்குப் பதிவு கட்டாயமானது. 2021இல் வந்த சட்டம், ட்ரோனைத் தரையிறக்கச் சொல்லவும் சோதனையிடவும் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. இவை வேண்டியவையே. ஆனால் விதியை மதிப்பவரையே விதி கட்டுப்படுத்தும். கேட்விக் போன்ற நிகழ்வில் அவை முதல் அரண் ஆகா.

பயன் தந்தது கருவிகளும் நடைமுறையும்தான். கேட்விக் 50 லட்சம் பவுண்டு அளவில் கண்டறியும் அமைப்புக்குச் செலவிட்டதாக அறிவித்தது. 2019 ஜனவரி 8 அன்று ஹீத்ரோவில் ட்ரோன் தென்பட்டதாகத் தகவல் வந்தபோது, புறப்பாடுகள் மட்டும் ஒரு மணி நேரம் அளவுக்கு நின்றன. 2023 மே 14 அன்று கேட்விக்கிலேயே அதே வகைத் தகவல் வந்தது. ஓடுபாதை மூடப்பட்டது, சில விமானங்கள் திருப்பி அனுப்பப்பட்டன, ஒரு மணி நேரத்துக்குள் பாதை திறந்துவிட்டது.

2019 செப்டம்பரில் ஹீத்ரோவில் நடந்த ஒன்றும் பாடமாக அமைகிறது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் தடைப் பரப்புக்குள் பொம்மை ட்ரோன்களைத் தலை உயரத்தில் பறக்கவிட்டு நிலையத்தை மூட வைப்போம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். காவல்துறை பலரைக் கைது செய்தது. நிலையம் ஒரு விமானத்தையும் நிறுத்தவில்லை. ட்ரோன் எங்கே, எவ்வளவு உயரத்தில், யார் கையில் என்பது தெரிந்தபோது மூட வேண்டிய தேவையே எழவில்லை.

இந்தியாவிலும் இந்தப் பிரச்சினையின் இரு முகங்களும் தென்பட்டுவிட்டன. 2021 ஜூன் 27 அதிகாலை, பயணிகள் விமானங்களும் வந்துபோகும் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன்கள் மூலம் இரண்டு குண்டுகள் போடப்பட்டு வீரர்கள் இருவர் காயமடைந்தார்கள். அங்கே ஐயத்துக்கு இடமில்லை. 2023 நவம்பர் 19 அன்று மணிப்பூரின் இம்பால் நிலையத்தில், அடையாளம் தெரியாத பொருள் ஒன்று பறப்பது கண்ணில் பட்டதால் வான்வழி மூன்று மணி நேரம் மூடப்பட்டது. இரண்டு விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டன. தேடுவதற்காக ரஃபேல் போர் விமானங்கள் கிளம்பின, எதுவும் அகப்படவில்லை. கேட்விக்கை அறிந்தவர்களுக்கு இம்பால் செய்தியின் ஒவ்வொரு வரியும் தெரிந்த வரியாகவே இருந்திருக்கும்.

கருவிகளின் பின்னாலும் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்கூட்டியே வகுத்த பாதையில் தானாகப் பறக்கும் ட்ரோன், இயக்குபவரோடு எந்தச் சிக்னலும் பரிமாறிக்கொள்வதில்லை. உக்ரைன் போரில் மெல்லிய ஒளியிழையை அவிழ்த்துக்கொண்டே, அதன் வழியாகவே கட்டளை பெற்றுப் பறக்கும் ட்ரோன்கள் சாதாரணமாகிவிட்டன. இவற்றின் முன் ரேடியோ உணரிக்கு வேலை இல்லை, ஜாமருக்கும் வேலை இல்லை. ரேடாரும் கேமராவும் சேர்ந்த இணைப்பை விலை அதிகம் என்று தள்ளிப்போடும் நிலையங்கள், கேட்விக் 2018இல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

அந்த இணைப்பை வாங்கும்வரைகூட, செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ட்ரோனைக் கண்டதாகத் தகவல் வரும்போது கட்டுப்பாட்டு அறையில் எழுதப்படும் குறிப்பில், கண்டவர் நின்ற இடம், பார்த்த திசை, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம், கண்டது உருவமா வெறும் ஒளியா, எத்தனை நிமிடம், அதே நிமிடத்தில் அந்தத் திசையில் இருந்த விமானங்களும் கிரேன் விளக்குகளும் எவை என்பதைக் கேட்டு எழுத வேண்டும். வெவ்வேறு இடங்களில் நின்ற இருவர் தரும் திசைகளை வரைபடத்தில் கோடாக இழுத்தால், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி அங்கே பொருள் ஏதேனும் இருந்ததா என்பதைப் பெருமளவு காட்டிவிடும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தியில், காவல்துறையின் சொந்த ட்ரோன் எப்போது எங்கிருந்து எழும்பியது, எப்போது இறங்கியது என்பதும் நிமிடக் கணக்கில் இருக்க வேண்டும்.